கோடு போடும்போதே கேட்க வேண்டும்

கெட்டிக்காரப் பிள்ளையைப் பார்த்து, "கோடு போட்டால் ரோடு போட்டுவிடுவான்" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்கள். நம் கிள்ளான் பள்ளத்தாக்கில் அந்தச் சொல் அப்படியே நிஜமாகியிருக்கிறது. யாரோ ஒருவர் ஓர் அலுவலகத்தில் உட்கார்ந்து வரைபடத்தில் ஒரு கோடு போடுகிறார். சில ஆண்டுகளில் அது ரோடாகிவிடுகிறது. அந்தக் கோட்டுக்கு அடியில் யார் வீடு, யார் கடை, எந்தப் பிள்ளை பள்ளிக்கு நடந்துபோகும் பாதை என்பதெல்லாம் கடைசியில்தான் தெரியவருகிறது.

நான் கிள்ளானில் பிறந்து வளர்ந்தவள். என் அப்பா பெட்டாலிங் ஜெயாவில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்கு அவருடைய கப்சாய் மோட்டார் சைக்கிள் கிளம்பும் சத்தத்தில்தான் நாங்கள் கண்விழிப்போம். கூட்டரசு நெடுஞ்சாலையில் அவர் போய்ச் சேரும்வரை அம்மா சாமி படத்துக்கு முன்னால் நின்றுகொண்டிருப்பார். அந்த நெடுஞ்சாலையைப் பற்றி என் அப்பாவிடம் யாராவது ஒரு கேள்வி கேட்டிருப்பார்களா? இன்றைய உரைக்குத் தயார் செய்தபோது இந்தக் கேள்விதான் என் மனத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

கொஞ்சம் பின்னோக்கிப் போவோம். 1881-ஆம் ஆண்டு கோலாலம்பூருக்குப் பொல்லாத ஆண்டு. முதலில் தீ, அடுத்து வெள்ளம். மரமும் அத்தாப்புமாக இருந்த நகரம் அழிந்தது. அடுத்த ஆண்டு சிலாங்கூரின் ரெசிடெண்டாக வந்த பிராங்க் சுவெட்டன்ஹாம், இனிக் கட்டடங்களைச் செங்கல்லாலும் ஓட்டாலும் கட்ட வேண்டும் என்று முடிவு செய்தார். அதற்கான செங்கல் சூளைகள் இருந்த இடம்தான் பிரிக்பீல்ட்ஸ். 1886-இல் கோலாலம்பூரையும் கிள்ளான் பக்கத்தையும் இணைத்து ரயில் ஓடத் தொடங்கியது. ரயில்வே வளர வளர, பிரிக்பீல்ட்ஸில் பட்டறையும் பணியாளர் குடியிருப்பும் பெருகின. தண்டவாளம் போட்டவர்களிலும் சாலைக்குக் கல் உடைத்தவர்களிலும் பெரும்பகுதி நம்மவர்கள். ஆனால் எந்தச் சாலை எங்கே போக வேண்டும் என்று தீர்மானித்த மேசையில் அவர்கள் இல்லை. 1890-இல் கோலாலம்பூருக்குச் சுகாதார வாரியம் அமைக்கப்பட்டபோது அதுவும் நியமன வாரியமாகவே இருந்தது.

மக்கள் ஓட்டுப் போட்டு நகர நிர்வாகத்தைத் தேர்ந்தெடுத்த காலமும் இங்கே இருந்தது. நம் பிள்ளைகளில் பலருக்கு இது தெரியாது. 1952 பிப்ரவரியில் கோலாலம்பூர் நகராண்மைக் கழகத்தின் 12 இடங்களுக்குத் தேர்தல் நடந்தது. சாலை குண்டும் குழியுமாக இருந்தால் அடுத்த தேர்தலில் பதில் சொல்ல ஆள் இருந்தது. அது நீடிக்கவில்லை. 1961 முதல் தலைநகரம் அரசாங்கம் நியமித்த ஆணையரின் கீழ் வந்தது. 1965-இல் இந்தோனேசியாவுடனான மோதல் காரணமாக ஊராட்சித் தேர்தல்கள் நாடு முழுவதும் நிறுத்திவைக்கப்பட்டன. தற்காலிகம் என்றார்கள்.

அப்போது ஊராட்சி மன்றங்களின் நிலையை ஆராய ஓர் அரச ஆணையம் அமைக்கப்பட்டது. அதன் தலைவர் ஒரு தமிழர், செனட்டர் அத்தி நாகப்பன். ஊராட்சி மன்றங்களில் குறைகள் உண்டு, ஆனாலும் தேர்தல் வேண்டும் என்பதே அந்த ஆணையத்தின் பரிந்துரை. அது ஏற்கப்படவில்லை. 1976-ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டம் தேர்தலுக்கு முடிவு கட்டியது. தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் பக்கம் போனால் அவர் பெயரில் ஒரு சாலை இருக்கிறது. அந்தத் தாமான் இந்த உரையில் மறுபடியும் வரும்.

தேர்தல் போனது. நெரிசல் மட்டும் போகவில்லை. 1970-களில் உலக வங்கியின் உதவியோடு கோலாலம்பூரின் போக்குவரத்து முறையாக ஆராயப்பட்டது. 1975-இல் மினி பஸ் ஓடத் தொடங்கியது அந்தக் காலத்தின் விளைவு. ரோஜா நிறத்தில், வாசலில் தொங்கிக்கொண்டு போன அந்த வண்டியை என் அண்ணன்மார் இன்றும் மறக்கவில்லை. 1990-களின் இறுதியில் ஜப்பானிய ஜைக்கா நிறுவனத்தின் உதவியோடு இன்னொரு பெரிய ஆய்வு நடந்தது. 1985-இல் நூற்றில் 34 பயணங்கள் பொதுப் போக்குவரத்தில் நடந்தன. 1997-இல் அது 20-க்கும் கீழே இறங்கிவிட்டது. சாலை கூடக் கூடக் காரும் கூடியது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

இங்கே ஒரு விஷயத்தை விளக்க வேண்டும். சாலை ஆய்வு என்றால் என்ன செய்கிறார்கள்? சந்திப்பில் ஆட்களோ கேமராவோ நின்று வண்டிகளை எண்ணுவார்கள். காலை நெரிசல், மாலை நெரிசல், எந்தப் பக்கம் எத்தனை வண்டி திரும்புகிறது என்று கணக்கெடுப்பார்கள். எங்கிருந்து வருகிறீர்கள், எங்கே போகிறீர்கள் என்று சிலரை நிறுத்திக் கேட்பதும் உண்டு. பிறகு எல்லா வண்டியையும் 'கார்' என்ற ஒரே அளவுக்கு மாற்றுவார்கள். பெரிய லாரி பல கார்களுக்குச் சமம். நகரச் சாலையில் மோட்டார் சைக்கிள் ஒரு காரில் ஒரு பங்குதான். கடைசியில் சாலைக்குப் பள்ளிக்கூடம் மாதிரி மதிப்பெண்: 'ஏ' என்றால் வண்டி தாராளமாக ஓடுகிறது, 'எப்' என்றால் அசையவில்லை. எதிர்காலத்தில் எவ்வளவு வண்டி கூடும் என்று கணித்து, அதற்கேற்பச் சாலையை அகலப்படுத்துவதா, மேம்பாலம் கட்டுவதா என்று முடிவெடுப்பார்கள்.

கணக்கில் தப்பு இல்லை. ஆனால் எதை எண்ணுகிறோம் என்பதில்தான் எல்லாமே இருக்கிறது. சாலையைக் கடக்கப் பத்து நிமிடம் காத்திருந்து, முடியாமல் திரும்பிப்போன பாட்டியை எந்தக் கேமராவும் எண்ணாது. அவர் கடக்கவே இல்லையே! பிரிக்பீல்ட்ஸில் இதை நான் நேரிலேயே பார்த்திருக்கிறேன். மலேசியப் பார்வையற்றோர் சங்கம் இருக்கும் வட்டாரம் அது. வெள்ளைப் பிரம்போடு நடப்பவர்கள் நாட்டில் வேறு எங்கும் இத்தனை பேரை ஒரே தெருவில் பார்க்க முடியாது. அவர்களுக்கென்று நடைபாதையில் பதித்த மேடு வைத்த ஓட்டின் மேல் மோட்டார் சைக்கிளை நிறுத்திவிட்டு நாமே தேத்தாரே குடித்துக்கொண்டிருப்போம். மன்றத்தைக் குறை சொல்லும் முன் இதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

எண்ணினால் நன்மை நடக்கும் என்பதற்கு என் அப்பாவின் சாலையே சாட்சி. கூட்டரசு நெடுஞ்சாலையில் மோட்டார் சைக்கிள்களுக்கென்று தனிப் பாதை 1970-களிலேயே போடப்பட்டது. உலகில் இதற்கு முன்மாதிரி அதிகம் இல்லை. 1993-இல் பத்து தீகாவிலிருந்து ஷா ஆலாம்வரை அந்தப் பாதை நீட்டப்பட்டது. அதன் பிறகு மோட்டார் சைக்கிள் விபத்துகள் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைந்ததாக, 34 விழுக்காடு என்று, நம் நாட்டு ஆய்வாளர்கள் கணக்குக் காட்டினார்கள். அந்த 34 விழுக்காட்டில் எத்தனை வீட்டின் அப்பாக்கள் இருந்திருப்பார்கள்! என் அம்மாவுக்கு இந்த எண்ணைச் சொன்னபோது, "அந்தப் பாதையில் வெளிச்சம் போடச் சொல்லேன்" என்றார். ஆய்வாளருக்குக் கிடைக்காத தகவல் சமையலறையில் இருந்தது.

அடுத்து டோல் காலம். 1984-இல் தனியார் நிறுவனங்கள் சாலையில் கட்டணம் வசூலிக்க வழிசெய்யும் சட்டம் வந்தது. பொதுப்பணி அமைச்சராக 1983 முதல் 1989 வரையிலும், பின்னர் 1995 முதல் 2008 வரையிலும் இருந்தவர் டத்தோஸ்ரீ சாமிவேலு. ஆகவே டோல் பேச்சு நம் வீட்டுப் பேச்சாகவே இருந்தது. டோல் கூடினால் அவரைத் திட்டுவோம், பினாங்குக்கு நாலரை மணி நேரத்தில் போய்ச் சேர்ந்தால் அவரை மெச்சுவோம். 1990-இல் செராஸ் சாலையில் டோல் வந்தபோது மக்கள் மறியலில் இறங்கினார்கள். பழகிய சாலைக்கே காசா என்பதுதான் அவர்கள் கேட்ட கேள்வி. கூட்டரசு நெடுஞ்சாலையில் பத்து தீகா, சுங்கை ராசாவ் டோல் சாவடிகள் 2018 ஜனவரி 1-ஆம் தேதிதான் மூடப்பட்டன.

ஆனால் அந்தக் காலத்தில் டோல் காசைவிடப் பெரிய இழப்பு ஒன்று நம்மவர்களுக்கு நேர்ந்தது. அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. நெடுஞ்சாலைகளும் புதிய நகரங்களும் போன வழியில் ரப்பர், செம்பனைத் தோட்டங்கள் இருந்தன. 1960-ஆம் ஆண்டு நில ஆர்ஜிதச் சட்டம், நிலத்தில் உரிமை உள்ளவருக்கு இழப்பீடு தருகிறது. உரிமையாளரின் விருப்பம் உள்ளவரை மட்டும் குடியிருப்பவர் அந்தப் பட்டியலில் வரமாட்டார் என்று சட்டத்தின் விளக்கத்திலேயே இருக்கிறது. மூன்று தலைமுறையாக லயத்தில் வாழ்ந்து, வாசலில் துளசியும் கோடியில் முருங்கையும் வைத்திருந்த குடும்பம் சட்டத்தின் கண்ணுக்கு யார்? தோட்ட நிறுவனத்துக்குக் காசோலை, லயத்துக்கு நோட்டீஸ். கருத்துக் கேட்பு என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை. நிலம் இல்லாதவனிடம் கருத்து இருக்கும் என்று யாருக்கும் தோன்றவில்லை.

சட்டத்தில் கதவே இல்லையா என்றால், இருக்கிறது. 1976-ஆம் ஆண்டு நகர், கிராமத் திட்டமிடல் சட்டம் வரைவுத் திட்டத்தை மக்கள் பார்வைக்கு வைக்கச் சொல்கிறது. எழுத்து மூலம் ஆட்சேபம் தரலாம், கேட்டால் நேரில் விளக்கலாம். 2001-இல் வந்த திருத்தம் இன்னும் ஒரு படி மேலே போனது. உள்ளூர்த் திட்டத்தின் வரைவைத் தயாரிக்கத் தொடங்கும் முன்பே மக்களிடம் அறிவித்துக் கருத்துக் கேட்க வேண்டும். அதாவது, கோடு போடும் முன்பே! இது சிலாங்கூருக்கு, ஆகவே கிள்ளானுக்குப் பொருந்தும். கூட்டரசுப் பிரதேசத்துக்கு 1982-ஆம் ஆண்டின் தனிச் சட்டம். அதிலும் பார்வைக்கு வைப்பதும் ஆட்சேபமும் விசாரணையும் உண்டு.

ஏட்டில் இருப்பதும் நாட்டில் நடப்பதும் ஒன்றா? கோலாலம்பூரின் 2020 மாநகர்த் திட்ட வரைவு 2008 மே மாதம் பார்வைக்கு வைக்கப்பட்டது. ஆயிரக்கணக்கில் ஆட்சேபங்கள் குவிந்தன. விசாரணை நடந்தது. ஆனால் அந்தத் திட்டம் அரசிதழில் வெளியானது 2018-இல். 2020-க்கான திட்டம் 2018-இல்! இடைப்பட்ட பத்து ஆண்டுகளில் எத்தனை கட்டடம் எழுந்தது, எத்தனை சாலை திசை மாறியது என்பதை நம் கண்ணே பார்த்தது.

பிரிக்பீல்ட்ஸில் அந்தப் பத்தாண்டில் நடந்ததைப் பாருங்கள். 2001-இல் கே.எல். சென்ட்ரல் திறந்தாகிவிட்டது. 2003-இல் துன் சம்பந்தன் சாலையின் தலைக்கு மேல் மோனோரயில். 2010 அக்டோபர் 27-ஆம் தேதி பிரதமர் நஜிப்பும் இந்தியப் பிரதமர் மன்மோகன் சிங்கும் 'லிட்டில் இந்தியா'வைத் தொடக்கிவைத்தார்கள். வளைவு, நீரூற்று, வண்ண விளக்கு எல்லாம் வந்தன. கூடவே ஒருவழிப் போக்குவரத்தும் வந்தது. பூக்கடை, பலசரக்குக் கடை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடைக்காரர்கள் முணுமுணுத்தார்கள். காரில் வந்து கடை வாசலில் இரண்டு நிமிடம் நிறுத்தி மாலை வாங்கிப் போனவர்கள், சுற்றிவர வேண்டும் என்றதும் வேறு பக்கம் போய்விட்டார்கள் என்பது அவர்கள் வாதம். போக்குவரத்துப் பொறியாளரிடம் கேட்டால், ஒருவழியானால் சந்திப்பில் மோதல் குறையும், வண்டி ஓட்டம் சீராகும் என்பார். இரண்டுமே உண்மைதான். மாலை வாங்குகிறவர் நிற்கும் அந்த இரண்டு நிமிடத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று உட்கார்ந்து பேச ஒரு மேசை வேண்டும். அந்த மேசையைக் கல்லும் தாரும் வந்து இறங்கிய பிறகு போட்டால், பேச என்ன மிச்சம்?

இன்னொரு வேறுபாட்டையும் கவனியுங்கள். ரயில் திட்டத்துக்குச் சட்டப்படி மூன்று மாதம் மக்கள் பார்வை கட்டாயம். சுங்கை பூலோ – காஜாங் எம்.ஆர்.டி. திட்டம் 2011 பிப்ரவரி 14 முதல் மே 14 வரை வைக்கப்பட்டது. மக்கள் போய்ப் பார்த்தார்கள், சண்டை போட்டார்கள், சில நிலையங்களின் இடம் மாறியது. பெட்டாலிங் ஸ்திரீட் பக்கம் ஜாலான் சுல்தான் கடைக்காரர்கள் தங்கள் கட்டடங்களுக்காக நீண்ட போராட்டம் நடத்தினார்கள். சாலைக் கட்டணம் வசூலிக்க அனுமதிக்கும் 1984-ஆம் ஆண்டுச் சட்டத்திலோ அப்படி மூன்று மாதக் கட்டாயம் எதுவும் இல்லை. ரயில் வந்தால் கேட்பார்கள், டோல் சாலை வந்தால் பத்திரிகையில் படித்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்ற நிலை.

அப்படிப் படித்துத் தெரிந்துகொண்டவர்கள்தான் பெட்டாலிங் ஜெயா மக்கள். கின்ராரா – டாமன்சாரா இடையே கிடெக்ஸ் என்ற மேம்பாலச் சாலை வரப்போகிறது என்றதும், குடியிருப்பாளர் சங்கங்கள் ஒன்றுகூடின. போக்குவரத்து ஆய்வைக் காட்டுங்கள், குத்தகை ஒப்பந்தத்தைக் காட்டுங்கள் என்று கேட்டார்கள். ஓய்வுபெற்ற பொறியாளர்களும் வழக்கறிஞர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். 2015-இல் சிலாங்கூர் அரசு, நிபந்தனைகள் நிறைவேற்றப்படவில்லை என்று அதைக் கைவிட்டது. சில ஆண்டுகளில் ஏறக்குறைய அதே பகுதியில் பி.ஜே.டி. லிங்க் என்ற பெயரில் இன்னொரு திட்டம் வந்தது. மறுபடியும் அதே மக்கள், அதே கேள்விகள். போக்குவரத்துத் தாக்கம், சமூகத் தாக்கம் பற்றிய அறிக்கைகள் எங்கே என்றார்கள். 2023 ஜூலையில், மாநிலத் தேர்தலுக்கு ஒரு மாதம் இருக்கும்போது, அதுவும் ரத்தானதாக மந்திரி பெசார் அறிவித்தார். தேர்தல் நேரத்துக்கு எவ்வளவு சக்தி பாருங்கள்!

இதைச் சொல்லும்போது எனக்கு ஒரு நெருடல். பெட்டாலிங் ஜெயாவில் நின்றது நல்லதுதான். ஆனால் தோட்ட லயத்தில் அது ஏன் நிற்கவில்லை? ஆங்கில அறிக்கையைப் படிக்கத் தெரிந்தவர் குரல் கேட்கிறது. படிக்கத் தெரியாதவர் வீட்டு வழியாகக் கோடு போகிறது. ஓரிடத்தில் தடுத்த சாலை, குரல் குறைந்த இன்னோரிடத்துக்குத் தள்ளப்படவும் கூடும். மக்கள் கருத்து என்று சொல்லும்போது எந்த மக்கள் என்ற கேள்வி எப்போதும் இருக்கத்தான் செய்கிறது.

தாமான் துன் டாக்டர் இஸ்மாயில் வழக்கு இதில் ஒரு பெரிய வாசலைத் திறந்தது. அங்குள்ள ரிம்பா கியாரா பூங்காவில் உயர்ந்த அடுக்குமாடிகள் கட்ட மாநகர் மன்றம் 2017-இல் தந்த அனுமதியை எதிர்த்துக் குடியிருப்பாளர்கள் நீதிமன்றம் போனார்கள். 2023 ஏப்ரல் 18-ஆம் தேதி கூட்டரசு நீதிமன்றம் அந்த அனுமதி செல்லாது என்றது. தீர்ப்பைத் தந்த அமர்வுக்குத் தலைமை தாங்கியவர் நீதிபதி டத்தோ நளினி பத்மநாதன். அக்கம்பக்கத்தில் வாழ்பவர்களுக்கு வழக்குத் தொடுக்கும் உரிமை உண்டு, அவர்கள் சொல்வதைக் கேட்பது வெறும் சடங்கு ஆகாது என்பது அதன் சாரம். அது சாலை வழக்கு அல்ல. ஆனால் நாளை ஒரு சாலைக்காக எழுந்து நிற்பவருக்கும் அது கைகொடுக்கும். அந்தப் பூங்காவில் ஒரு நீண்ட வீட்டு வரிசையும் இருந்தது. முன்னாள் புக்கிட் கியாரா தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் அதில் பல ஆண்டுகளாக நிரந்தர வீட்டுக்குக் காத்திருந்தன. பூங்காவும் வேண்டும், அவர்களுக்கு வீடும் வேண்டும் என்பதுதான் அங்குள்ள சிக்கல். ஆக, லயம் இந்தக் கதையில் மறுபடியும் வந்துவிட்டது.

கிள்ளானுக்குத் திரும்புகிறேன். ஆற்றின் மேல் இருக்கும் பழைய கோத்தா பாலம் தெரியுமல்லவா? இரட்டை அடுக்குப் பாலம். மேலே வண்டி, கீழே நடப்பவர்களும் சைக்கிளில் போகிறவர்களும். அதைத் திட்டமிட்டவர் கால்நடையாகப் போகிறவனையும் கணக்கில் சேர்த்திருக்கிறார். மேல் தளம் 1990-களின் தொடக்கத்தில் வண்டிகளுக்கு மூடப்பட்ட பிறகும் கீழ்த் தளத்தில் மனிதர்கள் நடந்தார்கள். 2017-இல் மூன்றாவது பாலமும் வந்துவிட்டது. நெரிசல் கொஞ்சம் இடம் மாறியது. தெங்கு கிளானா சாலையில் தீபாவளிக்கு முந்தின வாரம் கார் நிறுத்த இடம் தேடியவர்களுக்கு நான் எதுவும் விளக்க வேண்டியதில்லை.

கோலாலம்பூரின் 2040 உள்ளூர்த் திட்ட வரைவு 2024-இன் முதல் மாதங்களில் மக்கள் பார்வைக்கு வைக்கப்பட்டு, 2025-இல் அரசிதழில் வெளியானது. அடுத்த முறை இப்படிப் பார்வைக்கு வைக்கும்போது போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள். "எங்களுக்கு வேண்டாம்" என்று மட்டும் எழுதாதீர்கள். அது ஒரே கட்டில் போய் விழும். எந்தச் சந்திப்பு, எந்த நேரம், யார் கடக்கிறார்கள், பள்ளி எத்தனை மணிக்கு விடுகிறது, கோயில் தேர் எந்த வழியாக வருகிறது என்று எழுதுங்கள். கூடவே ஒரு படம் வையுங்கள். நேரில் விளக்க விரும்புகிறேன் என்று ஒரு வரி சேர்க்க மறக்காதீர்கள், அந்த ஒரு வரி இருந்தால்தான் விசாரணைக்குக் கூப்பிடுவார்கள். மலாயில் எழுத நம் பிள்ளைகள் உதவட்டும். கடைசித் தேதி என்று ஒன்று இருக்கிறது. நம்மவர்கள் பெரும்பாலும் அதற்கு மறுநாள்தான் வருவோம்.

இந்த நிகழ்ச்சிக்கு முன்னால், அரங்கில் ஒரு பெரிய வரைபடத்தை விரித்து வைத்திருந்தோம். பூ கட்டி விற்கும் ஓர் அக்கா, தன் தெருவைத் தேடினார். நீண்ட நேரம் தேடினார். கடைசியில் நான் விரல் வைத்துக் காட்டினேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு குனிந்து பார்த்தார். "இதில் என் கடை எங்கேம்மா?" என்றார். அந்த வரைபடத்தில் அவர் கடை இருந்த இடம் நடைபாதை. பேனாவை வாங்கி, அந்த இடத்தில் சின்னதாக ஒரு புள்ளி வைத்துவிட்டு, தன் நாற்காலியில் போய் உட்கார்ந்துகொண்டார்.